ஓட்டுக் கேட்ட அரிவாள்

முதல் கல் சுருட்டையின் காதோரமாகப் போய்விட்டது. இரண்டாவது கல்லுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. புருவத்துக்கு மேலே நச்சென்று விழுந்து, கண்ணுக்குள் ரத்தத்தை இறக்கியது.

"அக்கா, மூஞ்சிய உடைச்சிட்டானுங்க. இனிமே எனக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?"

"உடையறதுக்கு முன்னாடி மட்டும் வாசல்ல வரிசை கட்டி நின்னாங்களா? குனிஞ்சு வாடா."

அவனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தவளை ஊரே இன்சூரன்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடும். பொய் விபத்து, பொய்த் தீ, பொய்ச் சாவு என்று கம்பெனிக்காகத் துருவித் துருவியே பாதி வயதைக் கழித்தவள். வேலையை விட்ட பிறகு சொந்தமாகத் துப்பறிகிறாள். சுருட்டை அவளுடைய உதவியாளன். சம்பளம் எப்போதாவது வரும், வசவு மட்டும் தவறாமல் வரும்.

தெரு முழுக்கக் கண்ணாடித் தூள். ஒரு செருப்புக் கடை எரிந்துகொண்டிருந்தது. ரப்பர் கருகும் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. தொகுதியே இப்படிப் பற்றி எரியக் காரணம் காலையில் நடந்த ஒரே ஒரு சம்பவம். சட்டசபைத் தேர்தலில் நின்ற குழந்தை டாக்டர் வீடு வீடாக ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, முகத்தைத் துணியால் மூடியிருந்த ஒருவன் கூட்டத்துக்குள் புகுந்து, கழுத்திலும் தோளிலும் அரிவாளால் வெட்டிவிட்டுச் சந்துக்குள் ஓடிவிட்டான். டாக்டர் இப்போது ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கிறார்.

அந்தச் சந்தின் மறுமுனையில் எதிர்க்கட்சிக்குச் சுவர் எழுதும் பெயிண்டர் ஒருத்தன் நின்றிருந்தான். கை முழுக்கச் சிவப்பு. பெயிண்ட் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் பல் போய்விட்டது. டாக்டரின் கட்சிக்காரர்கள் அவனைத் தங்கள் தேர்தல் அலுவலகத்துக்கு இழுத்துப் போய்விட்டார்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஜீப் எரிகிறது. வெளியூர்ப் போலீஸ் வந்துகொண்டிருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள், வந்தபாடில்லை. பெயிண்டரின் மனைவி செருப்புகூட இல்லாமல் ஓடிவந்து இன்சூரன்ஸ் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டாள். அதனால்தான் இந்தக் கல்லடி.

தேர்தல் அலுவலகம் என்பது ஒரு பழைய கிடங்கும் அதன் முன்னால் பெரிய முற்றமும். நடுவில் பிரசார வேன். அதன் இரும்புக் கம்பியில் பெயிண்டரைக் கட்டிவைத்திருந்தார்கள். யாரோ ஸ்பேனரால் அவன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நசுக்கியிருந்தார்கள். அந்தக் கையில் இப்போது எது பெயிண்ட், எது ரத்தம் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. சுருட்டைக்கு நக்கல் எல்லாம் மறந்துபோனது.

"மோந்து பாத்தாலே தெரியுமேக்கா, பெயிண்ட்டுன்னு."

"இவனுங்க மோந்து பாக்க வரலைடா. கடிக்க வந்திருக்கானுங்க."

வேன் மேலே மைக்கோடு நின்றவன் மச்சான். டாக்டர் மனைவியின் தம்பி. டாக்டர் 'மச்சான், மச்சான்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கட்சி முழுவதற்கும் அவன் மச்சான் ஆகிவிட்டான். வேட்பாளருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் இடத்தில் நிற்பதற்கென்று கட்சி ஒருவரை மாற்று வேட்பாளராக வைக்குமே, அதுவும் இவன்தான். டாக்டர் போக முடியாத தெருக்களுக்கெல்லாம் அவரைப் போலவே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அவரைப் போலவே தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டு போய் ஓட்டுக் கேட்டவன். காலையில் வெட்டுப்பட்டு விழுந்தவரை முதல் ஆளாக ஓடிவந்து தூக்கியதும் இவன்தான். சட்டை நெஞ்சு வரைக்கும் ரத்தம் காய்ந்து கிடந்தது.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து கெட்ட சேதி வந்துச்சுன்னா, இவன் இந்த வாசலை உயிரோட தாண்ட மாட்டான்!" என்று மைக்கில் முழங்கினான். கூட்டம் ஓவென்று கத்தியது.

டாக்டரின் மனைவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கணவனின் ஒற்றைச் செருப்பு. ஆஸ்பத்திரியைச் சுற்றிக் கலவரம், இங்கேதான் பாதுகாப்பு என்று தம்பிதான் அழைத்து வந்து உட்காரவைத்திருந்தான். பக்கத்தில் கட்சிச் செயலாளர், போனைக் காதிலிருந்து எடுக்காமல்.

இன்சூரன்ஸ் அக்கா அவள் முன்னால் மண்டியிட்டாள். "அம்மா, இந்த ஆள் இல்ல. வெட்டினவனை நான் காட்டறேன். கொஞ்சம் அவகாசம் குடுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுது தீர்ந்த கண். "ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வர்ற வரைக்கும் அவன் மேல கை வைக்க விட மாட்டேன். அதுக்கப்புறம் இவங்களைப் பிடிச்சு நிறுத்த என்னால முடியாது. பிடிக்கணும்னு எனக்குத் தோணவும் தோணாது."

அவ்வளவுதான் கெடு. டாக்டர் இழுக்கும் மூச்சுதான் பெயிண்டருக்கும் மூச்சு.

வெட்டியவன் ஓடிய சந்து இரண்டு பேர் ஒன்றாக நடந்தால் தோள் இடிக்கும் அகலம். எல்லாக் கதவும் அடைத்திருந்தது. ஒரு வாசலில் மட்டும் தையல் மிஷின் கவிழ்ந்து கிடந்தது. நூல்கண்டுகள் சாக்கடை வரை உருண்டிருந்தன. இன்சூரன்ஸ் அக்கா அந்தக் கதவைத் தட்டினாள். ரொம்ப நேரம் கெஞ்சிய பிறகு தாழ்ப்பாள் விலகியது.

தையல்காரிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இடுப்பில் ஒரு கைக்குழந்தை. குழந்தையின் வலது கண்ணுக்குக் கீழே காய்ந்துபோன ரத்தம்.

"அய்யோ, புள்ளைக்கு என்னாச்சு?" என்று சுருட்டை பதறினான்.

"புள்ள ரத்தம் இல்லண்ணா. அவன் கைல இருந்த ரத்தம். கழுவலாம்னா குழாயடிக்குப் போகணும். வெளிய போக பயமா இருக்கு." சொல்லிக்கொண்டே தாழ்ப்பாளை மறுபடி போட்டாள். "வாசல்ல நின்னுட்டிருந்தேன். மூஞ்சிய மூடிக்கிட்டு அரிவாளோட ஓடி வந்தான். நேரா எங்க மேல மோதற மாதிரி வந்து நின்னான். என் புள்ள கண்ணத் தோண்ட வந்தான்க்கா! நான் கத்தினதும் ஓடிட்டான். எதையாவது வெளிய சொன்னா கண்ணத் தோண்டிடுவேன்னு மிரட்டிட்டுப் போயிருக்கான். அதான் கதவைச் சாத்திட்டு உக்காந்துட்டேன்."

"வாயத் தொறந்து அப்படிச் சொன்னானா?"

"சொல்லல. ஆனா அதுக்குத்தானே கண்ணத் தொட்டான்?"

இன்சூரன்ஸ் அக்கா குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் இப்படிப் பார்க்க ஆரம்பித்தால் அடுத்து தனக்குத்தான் வேலை வரும் என்று சுருட்டைக்குத் தெரியும். வந்தது.

"நீ இவன் மூஞ்சில செஞ்சு காட்டும்மா. அவன் எப்படிச் செஞ்சானோ அப்படியே."

"ஏற்கெனவே ஒரு கண்ணுல ரத்தம் ஊத்துதுக்கா."

"அப்ப இன்னொரு கண்ணு சும்மாதானே இருக்கு?"

தையல்காரி தயங்கித் தயங்கிக் கையை நீட்டினாள். கட்டைவிரலைச் சுருட்டையின் கீழ் இமையில் வைத்து, மெதுவாகக் கீழே இழுத்தாள். இமை பிதுங்கிக்கொண்டு உள்சிவப்பு தெரிந்தது.

"கண்ணத் தோண்டறவன் நேரா குத்துவான்" என்றாள் இன்சூரன்ஸ் அக்கா. "இவன் இமையைப் பதமாக் கீழ இழுத்திருக்கான். சரி, அரிவாள் எந்தக் கைல இருந்துச்சு?"

"வலது கைல." தையல்காரி யோசித்தாள். யோசிக்க யோசிக்கக் கண் விரிந்தது. "இல்லக்கா... ஓடி வரும்போது வலது கைல இருந்துச்சு. எங்ககிட்ட வந்ததும் இடது கைக்கு மாத்திட்டான். மாத்திட்டுத்தான் புள்ளையத் தொட்டான்."

"மிரட்ட வந்தவன் அரிவாளைக் காட்டுவான். இவன் அதை ஓரமா வெச்சிட்டு வெறுங் கையால தொட்டிருக்கான். தொடும்போது எங்க பாத்தான்?"

"எங்களைப் பாக்கல. பக்கத்து வீட்டு வாசலைப் பாத்துட்டிருந்தான்."

சுருட்டை கண்ணைத் தேய்த்துக்கொண்டே சிரிக்கப் பார்த்தான். "இமையை இழுத்துப் பாக்கறது நம்ம டாக்டராச்சே. போற வீட்லெல்லாம் குழந்தை கண்ணை இழுத்து, உடம்புல ரத்தம் இருக்கா இல்லையான்னு பாப்பாரு. அதுக்கே பாதி ஓட்டு விழும்னு பேச்சு. அதுக்காக அவரே அவரை வெட்டிக்கிட்டு, சந்து வழியா ஓடி, நடுவுல ஒரு வைத்தியமும் பாத்துட்டுப் போனாரா?"

"டாக்டர் எங்க வீட்டுக்கும் வந்தார்" என்றாள் தையல்காரி. "புள்ள கண்ணை அவ்வளவு நேரம் உத்துப் பாத்தார். ரத்தம் கம்மியா இருக்குன்னு மருந்து சொன்னார்."

"அதான் விஷயம்." இன்சூரன்ஸ் அக்காவின் குரல் தாழ்ந்தது. "டாக்டருக்குக் கண்ணைப் பாக்கணும். இவனுக்குக் கண்ணு முக்கியமில்ல. இழுக்கற மாதிரி காட்டணும், அடுத்த வாசலுக்குப் போகணும். காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் இதே பொழப்பு. வாசல், குழந்தை, இமை, அடுத்த வாசல். ஒரு ஆளை வெட்டிட்டு ஓடறவனுக்குப் புத்தி எங்கேயோ இருக்கும். வாசல்ல குழந்தையோட ஒருத்தி நின்னா, கை தானாப் பழகின வேலையைச் செஞ்சுடும். இவன் அரிவாளோட ஓடும்போதும் ஓட்டுக் கேட்டிருக்கான்டா."

சுருட்டைக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வாரம் அவனுடைய அக்கா வீட்டு வாசலில் ஒருத்தன் குழந்தையின் இமையை இழுத்துவிட்டு, எதிர்வீட்டில் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். குழந்தை வீறிட்டது. அந்த ஆள் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான்.

"மச்சான்..." என்றான் சுருட்டை. "முதல் ஆளா ஓடிவந்து தூக்கினவன் அவன்தானேக்கா?"

"சந்தைச் சுத்தி வந்து, அரிவாளையும் துணியையும் எங்கயோ கடாசிட்டுத் தூக்கியிருக்கான். சட்டை ரத்தத்துக்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? டாக்டர் போனா சீட்டு அவனுக்கு. அனுதாப ஓட்டும் அவனுக்கு." அவள் தையல்காரியின் கையைப் பிடித்தாள். "அம்மா, அங்க ஒரு மனுஷனை உசுரோட நசுக்கறாங்க. புள்ளையோட வர்றியா?"

தையல்காரி குழந்தையைப் பார்த்தாள், கவிழ்ந்த மிஷினைப் பார்த்தாள். "அந்தப் பெயிண்டர் அண்ணன்தான் என் கதவுக்கு மிச்ச பெயிண்ட் அடிச்சுக் குடுத்தாரு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். போகிற வழியில் இன்னும் நாலைந்து கதவைத் தட்டி, பழக்கமான பெண்களையும் கூப்பிட்டுக்கொண்டாள்.

அவர்கள் முற்றத்துக்குள் நுழைந்தபோது செயலாளர் போனைக் கீழே இறக்கினார். டாக்டர் மனைவியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அவள் செருப்பை நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டாள்.

"மாமா போயிட்டாரு!" என்று மச்சான் மைக்கில் அலறினான்.

கூட்டம் வேனை நோக்கிப் பாய்ந்தது. ஒருத்தன் பெயிண்டரின் தலைமுடியைப் பிடித்துப் பின்னால் இழுத்துக் கம்பியில் மோதினான். இன்னொருத்தன் ஸ்பேனரை ஓங்கினான். சுருட்டை யோசிக்கவே இல்லை. குறுக்கே விழுந்தான். ஓங்கியது அவன் தோளில் இறங்கி, எலும்பு முறியும் சத்தம் அவன் காதுக்கே கேட்டது.

அப்போது இன்சூரன்ஸ் அக்கா அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "தொகுதிப் பொம்பளைங்க வந்திருக்காங்க! வேட்பாளரைப் பாக்கணுமாம்!"

டாக்டர் செத்து ஒரு நிமிஷம் ஆகவில்லை. கட்சி இன்னும் யாரையும் அறிவிக்கவில்லை. ஆனாலும் 'வேட்பாளர்' என்றதும் மச்சான் திரும்பினான். செயலாளர் அதைக் கவனித்து ஒரு புருவத்தைத் தூக்கினார்.

நாலா பக்கமும் செல்போன்கள் படம் பிடிக்க உயர்ந்தன. படம் பிடிக்கிறார்கள் என்றால் எந்த வேட்பாளரும் கொலை செய்ய மாட்டான், ஆறுதல்தான் சொல்வான். மச்சான் கையைக் காட்டிக் கூட்டத்தை அடக்கிவிட்டு, மைக்கோடு வேனிலிருந்து இறங்கினான். முகத்தில் துக்கத்தைச் சரிசெய்துகொண்டான். பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதலில் நின்ற ஒரு வயதான அம்மாவின் கையைப் பிடித்தான். "மாமா விட்டுட்டுப் போன வேலையை நான் செய்வேம்மா." அடுத்தவளின் தோளைத் தொட்டான். அடுத்து குழந்தையோடு தையல்காரி. அவள் தலைகுனிந்து நின்றாள்.

மச்சான் வலது கையிலிருந்த மைக்கை இடது கைக்கு மாற்றினான். கட்டைவிரலைக் குழந்தையின் கீழ் இமையில் வைத்து இழுத்தான். கண் அடுத்து நின்றவளிடம் போய்விட்டது.

"அடுத்த ஆளைப் பாக்காதீங்க மச்சான்" என்றாள் இன்சூரன்ஸ் அக்கா. "குழந்தையைப் பாருங்க."

அவன் பார்த்தான். காய்ந்த ரத்தத்தின் மேல் அவன் கட்டைவிரல் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. தையல்காரியின் முகத்தைப் பார்த்தான். நெருப்பைத் தொட்டவன் மாதிரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"இவன்தான்!" தையல்காரி வீறிட்டாள். "இப்ப மைக்க மாத்தின மாதிரியேதான் அரிவாளை மாத்தினான்! இதே விரல்! இவன்தான் டாக்டரை வெட்டிட்டு ஓடி வந்தான்!"

மைக்கை அணைக்க அவனுக்குத் தோன்றவில்லை. தெரு முனை ஒலிபெருக்கியெல்லாம் அந்த அலறலைத் திருப்பிச் சொன்னது. மச்சான் அந்த மைக்காலேயே இன்சூரன்ஸ் அக்காவின் தாடையில் ஓங்கி அடித்தான். அவள் சரிந்தாள். தையல்காரியின் கழுத்தை நோக்கி அவன் பாய்ந்தபோது சுருட்டை ஒற்றைக் கையால் அவன் காலைக் கட்டிக்கொண்டான். முகத்தில் உதை விழுந்தது. மறுபடியும் விழுந்தது. விடவில்லை. மச்சான் குப்புற விழுந்ததும், வாயெல்லாம் ரத்தமாக எழுந்து வந்த இன்சூரன்ஸ் அக்கா அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தாள்.

"அக்கா, என் கையும் கீழ மாட்டியிருக்கு" என்று முனகினான் சுருட்டை.

"இருக்கட்டும். எழுந்தா ஓடிடுவான்."

செயலாளர் பதறவில்லை. மைக்கின் வயரைப் பிடுங்கினார். செல்போன்களைக் கீழே இறக்கச் சொன்னார். "கேட்டைச் சாத்து" என்றார். பிறகு டாக்டர் மனைவியின் பக்கம் குனிந்தார். ரகசியம்தான், ஆனால் சுருட்டை கிடந்த இடத்துக்கு நன்றாகவே கேட்டது.

"அண்ணி, இது நம்ம வீட்டு விஷயம். உள்ளயே முடிச்சுக்கலாம். ஒரு பொம்பள கலவரத்துல பயந்து எதையோ உளறினான்னு சொல்லிக்கலாம். வெளிய இருக்கற ஜனத்துக்குக் கொலைகாரன் பெயிண்டர்தான். அவன் பேசற நிலைமையில இருக்கக் கூடாது. நீங்களே தேர்தல்ல நில்லுங்க. எதிர்ல நிக்கறவனுக்கு டெபாசிட் தேறாது."

அவள் எழுந்தாள். நேராகத் தம்பியிடம் வந்தாள். மண்ணில் கன்னம் அழுந்தக் கிடந்தவன் அக்காவின் காலைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தான்.

"நீதானேக்கா சொன்ன? மாமா செய்யறதைப் பாத்துப் பாத்து அப்படியே செய்டா, ஒரு நாள் உனக்கும் சீட்டு வரும்னு சொன்னது நீதானே? இமையை இழுக்கறதுக்குக்கூட நீதானே கைபிடிச்சுக் காட்டிக் குடுத்த? எத்தனை வருஷம்க்கா அவர் பின்னாலேயே நிக்கறது?"

அவள் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் சுருட்டைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுருட்டை கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணுக்குள் எரிந்தது.

கண்ணைத் திறந்தபோது அவள் பெயிண்டரின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கயிறு ரத்தத்தில் ஊறி இறுகியிருந்தது. நகத்தால் முடியவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள். தடுக்கப் போன ஒருத்தனை அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். பெயிண்டர் அவள் மேலேயே சரிந்தான். மூச்சு இருந்தது. அவனை மடியில் சாய்த்துக்கொண்டு, வேன் சக்கரத்தின் பக்கத்தில் கிடந்த வயரை எடுத்து, தானே மைக்கில் செருகினாள்.

"அண்ணி, வேண்டாம். எல்லாம் போயிடும்" என்றார் செயலாளர்.

"டாக்டர் பொண்டாட்டி பேசறேன்." தெரு முனை ஒலிபெருக்கிகளில் எல்லாம் அவள் குரல் கேட்டது. "டாக்டர் செத்துட்டாரு. வெட்டினது என் தம்பி. என் கூடப் பொறந்தவன். இந்தப் பெயிண்டர் ஒரு தப்பும் பண்ணல, இவர் கைய நாங்க நசுக்கிட்டோம். கடையை எரிக்கறவங்க நிறுத்துங்க. ஓட்டை யாருக்கு வேணும்னாலும் போடுங்க. இவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக மொதல்ல ஒரு வண்டி அனுப்புங்க."

முற்றத்தில் அவர்கள் கட்சி வண்டிகளே வரிசையாக நின்றன. ஒரு டிரைவரும் அசையவில்லை. எல்லோரும் செயலாளரின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு வெளியே யாரோ ஹார்ன் அடித்தார்கள். இன்சூரன்ஸ் அக்கா மச்சானின் முதுகை விட்டு எழவில்லை; அடியில் மாட்டிய கையை உருவிக்கொண்டு எழுந்த சுருட்டையும் தையல்காரியுமாகத் தள்ளிக் கேட்டைத் திறந்தார்கள். வந்து நின்றது எதிர்க்கட்சியின் பிரசார வேன். கண்ணாடி நொறுங்கியிருந்தது. டிரைவரின் நெற்றி கிழிந்திருந்தது. அவன் பக்கத்தில் பெயிண்டரின் மனைவி.

டாக்டரின் மனைவி பெயிண்டரின் கால் பக்கத்தைத் தூக்கினாள். தலைப் பக்கத்தைத் தூக்க வந்த பெயிண்டரின் மனைவி, கணவனின் கையைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து அவள் முகத்தில் காறித் துப்பினாள். டாக்டரின் மனைவி அதைத் துடைக்கவில்லை. துடைக்க வேண்டுமானால் ஒரு கையை விட வேண்டும்.

"கழுத்தைத் தாங்கிப் பிடிம்மா, ஆடக் கூடாது" என்றாள். இரண்டு பேருமாக அவனை வேனில் ஏற்றினார்கள்.